தொக்கோ வீட்டு உப்புச்சாடி

நவம்பர் இருபத்தெட்டு. பூசான் துறைமுகத்தின்மேல் வானம் துடைத்துவிட்டாற்போல் தெளிந்திருந்தது. விடியலில் விழுந்த உறைபனி நண்பகலாகியும் கூரை ஓடுகளில் கரையாதிருந்தது.

முழங்கை வரை சிவந்திருந்த கைகளைத் தூக்கிப் பிடித்தபடி கும்ரே கேட்டாள்: "இன்னும் எத்தனை பாக்கி?"

"கடைசிக் குவியல்தாம்மா. எல்லாத்தையும் ரெண்டா பொளந்தாச்சு" என்றாள் ஒக்சிம்.

"நல்லாப் பொளக்குறடி. பழகின கை."

ஒக்சிம் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் பிளந்து குவித்தவை வெறும் கோஸ்கள். கும்ரேயின் கைகளில் இருந்தது மிளகாய் விழுது. ஆயினும், துறைமுகத்தையே நடுங்க வைக்கும் தொக்கோவின் மனைவி வாயிலிருந்து வரும் பாராட்டைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்ளும் துணிவு அந்த ஊரில் எவருக்கும் இல்லை.

குளிர்காலம் முழுமைக்கும் கிம்ச்சி என்னும் கோஸ் ஊறுகாய் போட்டு வைக்கும் நாள் அது. கூலிக்கு வந்த பெண்களுள் ஒருத்தியாக ஒக்சிம் முற்றத்தில் குந்தியிருந்தாள். தொக்கோ கடத்தி வந்த தங்கக் கட்டிகள் பின்கட்டு உப்புச்சாடியின் அடியில் கிடக்கின்றன என்பதை அவள் முன்னரே உளவறிந்திருந்தாள்.

கிம்ச்சி போட வந்தவள் தன் பங்கு டப்பாவைத் தூக்கிச் செல்கையில், அதைத் திறந்து பார்ப்பது இழிவினும் இழிவு. கொலைகாரன் வீட்டுக் காவலனும் அதைச் செய்யமாட்டான். வீட்டுக்காரி தன் பங்கை ஃபிரிட்ஜில் அடுக்க உள்ளே போகும் நேரம் போதும், கட்டிகள் டப்பாவின் அடிக்கு இடம் மாறிவிடும்.

காலையில் கோஸ் இறக்கிய வண்டியோடு பின்வாசலில் அவள் கூட்டாளி போங்ஹீ காத்திருந்தாள். மல்யுத்தக்காரியான அவளது இடக்கையில் இரண்டு விரல்கள் இல்லை, எடுத்தவன் தொக்கோ. "இந்தத் தடவை மாட்டுனா விரலோட விடமாட்டான் அக்கா. கடல்தான்" என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தாள்.

ஆனால் கும்ரே இருந்த இடத்தைவிட்டு எழவே இல்லை. டப்பாக்கள் ஒவ்வொன்றாக நிரம்பின. "இது நாத்தனா வீட்டுக்கு. இது கோயிலுக்கு. இது வாசல்ல நிக்கிற தடிப்பயலுகளுக்கு."

"உங்க ஃபிரிட்ஜுக்கு எடுத்து வெக்கலையாம்மா?" என்று ஒக்சிம் மெல்லத் தூண்டிப் பார்த்தாள்.

"வேணாம்."

"அப்ப குளிர் பூரா தொட்டுக்க என்ன பண்ணுவீங்க?" என்றாள் பக்கத்திலிருந்தவள்.

"உன் நாக்கை ஊறப்போட்டுக்கிறேன். நீளமாத்தான இருக்கு."

பெண்கள் சிரித்தார்கள், சத்தம் வராமல் சிரித்தார்கள்.

வெந்த பன்றிக்கறியைப் புது கோஸ் இலையில் சுருட்டி, கும்ரே தன் கையாலேயே ஒக்சிமின் வாயில் திணித்தாள். "எந்த ஊருடி நீ?"

"சியோலும்மா" என்றாள் ஒக்சிம், வாய் நிறைய.

"சியோல்காரி உப்புல ஊறுன இறாலைத்தான போடுவா. நீ நெத்திலிச் சாறை இந்த ஊத்து ஊத்துற. நம்ம ஊரு மீன்சந்தைக்காரிதான ஊத்துவா?"

பல நாள் ஒத்திகை பார்த்த பொய்யைக் கை தானாகவே காட்டிக்கொடுத்துவிட்டது.

கும்ரே திரும்பி அடுத்த டப்பாவை இழுத்து நிரப்பினாள்.

வேலை முடிந்ததும் பெண்கள் தத்தம் டப்பாவோடு தலை வணங்கி விடைபெற்றார்கள். ஒக்சிமும் எழுந்தாள்.

"நீ இரு" என்றாள் கும்ரே.

முற்றத்துக் கதவைச் சாத்தித் தாழிட்டுவிட்டு, வெளியே நின்ற காவலர்களுக்குக் குரல் கொடுத்தாள்: "ஒருத்தனும் உள்ள வரக்கூடாது. பொம்பளைங்க கை கால் கழுவுறோம்."

பிறகு ஒக்சிமின் பக்கம் திரும்பினாள். "உப்பு எடுக்கணும். டப்பாவையும் தூக்கிட்டு வா."

பின்கட்டில் காற்று வாளாய் அறுத்தது. ஒக்சிம் மேலங்கிக்குள் கைவிட்டு மீன் வெட்டும் கத்தியின் பிடியைப் பற்றிக்கொண்டாள்.

கும்ரே சாடியின் மூடியை அகற்றி, தோள் வரை கையை உள்ளே விட்டுத் துழாவினாள். எண்ணெய்த் துணியில் சுற்றிய பொதி ஒன்று வெளியே வந்தது, அடுத்து இன்னொன்று. இரண்டையும் ஒக்சிமின் டப்பாவுக்குள் கனமாகப் போட்டாள்.

"காலையிலேர்ந்து கோஸ் வண்டியும் போகல, உன் கண்ணும் பின்கட்ட விட்டு நகரல. தேடி வந்தது இதான?"

கத்தியின் முனை மறுகணமே கும்ரேயின் கழுத்தைத் தொட்டது. அவள் அசையவில்லை; உப்புப் படிந்த கையைக்கூடத் துடைக்கவில்லை. சுவருக்கு அப்பால் போங்ஹீயின் வண்டி உறுமிக்கொண்டிருந்தது.

"அம்மா, எல்லாம் சரிதான?" என்று முன்வாசலிலிருந்து காவலன் ஒருவன் குரல் கொடுத்தான். "ஐயா கார் கிளம்பிருச்சாம். இப்ப வந்துருவாரு."

கும்ரே மூச்சை உள்ளே இழுத்தாள். ஒரு கூச்சல் போதும்; தானும் போங்ஹீயும் விடிவதற்குள் கடலுக்கு அடியில் கிடப்போம் என்பதை ஒக்சிம் உணர்ந்தாள்.

அனைத்தும் முடிவுக்கு வந்தது பிற்பகல் மூன்று மணி நாற்பத்தேழு நிமிடத்துக்கு. கும்ரே இழுத்த மூச்சை அடக்கி, கத்தியின் மேலாகக் குனிந்து, ஒக்சிமின் காதோடு கேட்டாள்:

"கோஸ் வண்டியில எனக்கும் ஒரு எடம் இருக்கா?"