மூன்று தட்டு

டிரம்மர் டிரம்மின் விளிம்பில் மூன்று முறை தட்டினார்.

கிடார், பேஸ், கீபோர்டு மூன்றும் அந்த நொடியே பாட்டின் முதல் வரிக்குத் திரும்பின. வரி முடிந்தது. சிம்பலின் அதிர்வு அடங்கும்வரை ஒலிப்பதிவு அறையில் யாரும் அசையவில்லை.

இருபத்தாறு நிமிடம்.

அந்த மூன்று தட்டுக்குக் குழுவில் 'கதவு' என்று பெயர். மேடையில் அவர்களுடைய பாட்டு எங்கெங்கோ அலையும். சில நாள் அரை மணி நேரம்கூட ஆகும். யார் எந்தச் சந்துக்குள் நுழைந்திருந்தாலும், டிரம்மர் கதவைத் தட்டினால் வீடு திரும்பிவிட வேண்டும். இருபத்திரண்டு வருடமாக அதுதான் சட்டம்.

இந்த ஆல்பத்தில்தான் கதவுக்கு வேலையில்லாமல் போயிற்று.

எட்டுப் பாட்டு, ஒவ்வொன்றும் நாலு நிமிடத்துக்குள் என்று முடிவெடுத்தது அவருடைய தம்பி. கிடார் வாசிப்பவன். வண்டியில் போகிறவன் இறங்குவதற்குள் பாட்டு முடிந்துவிட வேண்டும் என்று காரணம் சொன்னான். நாலு நிமிடம் நெருங்கினால், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவுக்காரி கையை உயர்த்துவாள். நிறுத்திவிட வேண்டும்.

டிரம்மர் முதல் நாளே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். நீ பாட்டா போடுகிறாய், பொட்டலம் கட்டுகிறாய் என்று தம்பியிடம் சொன்னார். பேஸ் வாசிக்கும் நெட்டை, பசி நேரத்துக்குப் பொட்டலமும் நல்லதுதானே என்று சிரித்துப் பார்த்தான். யாரும் சேர்ந்து சிரிக்கவில்லை.

ஏழு பாட்டைப் பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்தார். எட்டாவது பாட்டுக்கு உட்கார்ந்ததும் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டார். இது முழுசாகத்தான் போகும், யாரும் கையை உயர்த்தக் கூடாது, நான் கதவைத் தட்டினால்தான் முடியும். இல்லையென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

தம்பி கிடார்க் கம்பிகளைப் பார்த்தபடியே சொன்னான்.

"சரிண்ணா. வாசிப்போம். அப்புறம் நீயே கேளு. நீ என்ன சொல்றியோ அதான்."

இருபத்தாறு நிமிடம் வாசித்தாகிவிட்டது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. இத்தனை நாள் கட்டிப்போட்டிருந்த ஏதோ ஒன்று அவிழ்ந்துகொண்ட மாதிரி இருந்தது அவருக்கு. தம்பியைப் பார்த்து, வா, கேட்கலாம் என்று தலையசைத்தார். அவன் வரவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய், ஒலிப்பதிவுக்காரியின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். பாட்டின் முதல் வரியையும், கடைசியில் திரும்பி வந்த அதே வரியையும் அடுத்தடுத்து வைக்கச் சொன்னார். எங்கே புறப்பட்டோமோ அங்கேயே வந்து நிற்கிறோம் என்று தம்பிக்குக் காட்ட வேண்டும்.

அவள் தயங்கினாள். முழுசாகவே கேளுங்களேன் என்றாள். பிறகு அவர் சொன்னபடி வைத்தாள்.

முதல் தடவை அந்த வரி நடந்து போயிற்று. இரண்டாம் தடவை அதே வரி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியேறியது.

பயல்கள் களைத்துவிட்டார்கள் என்று சிரித்தார். டிரம்ஸை மட்டும் வை என்றார்.

வைத்தாள்.

ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் ஒரு ஆள் உட்கார்ந்து எழுந்துவிடலாம் போலிருந்தது.

மற்ற மூன்றையும் சேர்க்கச் சொன்னார். அவருடைய ஒவ்வோர் அடிக்கும் மயிரிழை பின்னால் மூன்றும் ஒன்றாக வந்தன. ஒன்றுகூட முந்தவில்லை. தெருவில் கால் முடியாத ஒருவரோடு நடப்பவர்கள், அவரைத் திரும்பிப் பார்க்காமலே தங்கள் நடையைக் குறைத்துக்கொள்வார்களே, அப்படி.

இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். வலிக்கவில்லை. எங்கேயாவது வலித்திருந்தால் தேவலை என்றிருந்தது.

இது எப்போதிலிருந்து என்று கேட்டார்.

அவள் மேஜை ஓரத்தைப் பார்த்தாள். அங்கே நாலு சிடிக்கள் காகித உறையில் இருந்தன. மேடைக் கச்சேரிகளில் வாசித்த நீளப் பாட்டுகள். குழுவின் சத்தம் பிடிபடட்டும் என்று தம்பி முதல் நாள் அவளிடம் கொடுத்தவை. ஒவ்வோர் உறையிலும் தேதியும், அதன் கீழே தம்பியின் கையெழுத்தில் பாட்டின் ஒரு நிமிடக் கணக்கும் இருந்தன. அவர் அதை முன்பே பார்த்திருக்கிறார். தன் கிடார் நன்றாக வந்த இடங்களைக் குறித்து வைத்திருக்கிறான், கர்வம் பிடித்தவன் என்று நினைத்துக்கொண்டார்.

இருப்பதில் பழையதை எடுத்துக் கொடுத்து, குறித்திருந்த பத்தொன்பதாவது நிமிடத்தில் வைக்கச் சொன்னார்.

கிடார் அங்கே ஒன்றும் பெரிதாகச் செய்யவில்லை. அந்த இடத்தில்தான் அவருடைய தாளம் முதல் தடவையாக முழங்காலை மடக்கியது.

மற்றவற்றைக் கேட்கவில்லை. உறைகளை மட்டும் படித்தார்.

அடுத்த வருடத்துக் கச்சேரியில் பன்னிரண்டு. அதற்கடுத்ததில் எட்டு.

போன மாதம் நடந்ததில் நாலு நிமிடம், பத்து விநாடி.

உறைகளை இருந்தபடியே அடுக்கி வைத்தார். தான் பார்த்தது தம்பிக்குத் தெரியக் கூடாது என்று அவளிடம் கேட்டுக்கொண்டார்.

திரும்பி வந்தபோது நெட்டை கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை மூடித் திறந்துகொண்டிருந்தான். கீபோர்டுக்காரர் தன் கட்டைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். தம்பி அவருக்கு முதுகைக் காட்டி நின்று, சுருதி சரியாக இருந்த கம்பிக்கே மறுபடியும் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தான்.

டிரம்மர் உட்கார்ந்தார். குச்சிகளை எடுத்தார்.

"நீளம் ஜாஸ்திதாண்டா. வண்டியில போறவன் இறங்கணும்ல."

தம்பியின் கை கம்பியிலேயே நின்றது. அவன் திரும்பவில்லை. சரிண்ணா என்று சொன்னது மைக்கில்கூட விழுந்திருக்காது.

எட்டாவது பாட்டை மறுபடி தொடங்கினார்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் கையை உயர்த்துவதற்கு முன்பே, டிரம்மர் கதவைத் தட்டினார்.