செவலையின் வயிறு

பந்தயத்தில் தோற்ற குதிரையை அறுத்துக் கறியாக்கிவிட்டார் எசென்கூல் கிழவர். குட்டியிலிருந்து அவரே வளர்த்த செவலை. கல்நெஞ்சம் என்று எங்கள் ஊரே பேசியது. அவர் காதில் விழும்படியே பேசியது.

"கல்நெஞ்சமேதான்" என்றாள் பக்கத்து வீட்டுக் கலிபா.

எங்கள் பக்கம் அறுத்த குதிரையின் குடலையும் வயிற்றையும் கழுவுவது அந்த வீட்டு மருமகள் வேலை. கிழவரின் மருமகள் சைகலுக்குத் துணையாகக் கலிபாவும் ஓடைக்கரையில் உட்கார்ந்திருந்தாள்.

"அவர் வேற என்னக்கா பண்ணுவார்? போன பந்தயம் எல்லாத்துலயும் தோத்துச்சு. சேணத்தை இறுக்கப் போனா கடிக்க வந்துச்சு. தீனி வச்சா மூஞ்சியத் திருப்பிக்கிச்சு. சோம்பேறிக் கழுதைன்னு திட்டிக்கிட்டே அழுதார்."

சைகல் வயிற்றைக் கீறி உட்பக்கத்தைத் திருப்பினாள். வெள்ளையாக இருக்க வேண்டிய இடமெல்லாம் குழி குழியாக ரத்தச் சிவப்பு.

"ஐயையோ!" என்றாள் கலிபா. "எங்க வீட்டுக்காரர் வயித்தை ஆஸ்பத்திரியில படம் பிடிச்சுக் காட்டினாங்களே, அச்சு அசல் இதேதான். அல்சர்டி! வயித்தைக் காயப்போட்டா வரும்னு டாக்டர் சொன்னார்."

ஓடுகிற குதிரைக்கு வயிறு ஒட்டியிருக்க வேண்டும் என்று, பந்தயம் வந்தாலே கிழவர் புல்லைக் கண்ணில் காட்டாமல் கட்டிப்போட்டுவிடுவார். அவருடைய அப்பாவும் அப்படித்தான் செய்தார். ஊரில் குதிரை பழக்குகிற அத்தனை பேரும் அப்படித்தான்.

"வலி தாங்காமதான் கடிச்சிருக்கு, பாவம். எடுத்துட்டுப் போய் உங்க மாமனார்கிட்ட காட்டுடி."

"வேணாம்க்கா. காலையிலேருந்து ஒரு வாய் டீகூடக் குடிக்கல. தன்னாலதான் வந்துச்சுன்னு தெரிஞ்சா மனுஷன் உசிரையே விட்டுடுவார்."

புண் இருந்த பகுதியை அறுத்து நாய்க்கு எறிந்தாள்.

சைகல் வீட்டுக்குள் நுழைந்ததும் கிழவர் நிமிர்ந்து பார்த்தார். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"வயித்துல ஏதாச்சும் இருந்துச்சாம்மா?"

"ஒண்ணுமில்ல மாமா. சுத்தமா இருந்துச்சு."

"நெசமாவா?"

"அல்லா சத்தியமா மாமா."

கிழவர் தலைக் குல்லாயைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நான் பட்டினி போட்டதுதான் அதைக் கெடுத்துடுச்சோன்னு நெஞ்சு கெடந்து அடிச்சுக்கிச்சு. இனிமே எந்தக் குதிரையையும் அப்படிக் கட்டறதில்லன்னு முடிவே பண்ணிட்டேன். என் வயித்துல பாலை வார்த்தம்மா!"

சைகலுக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது. ஓடிப்போய் ரொட்டியும் டீயும் கொண்டுவந்து வைத்தாள்.

கிழவர் ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டே, ஜன்னல் வழியாக மகனைக் கூப்பிட்டார்.

"தாலாய்! அந்தக் கறுப்புக் குதிரை முன்னாடி கெடக்குற புல்லை அள்ளிடு. அடுத்த பந்தயத்துக்கு இன்னைலேருந்தே அதைப் பட்டினி போடணும்."