வளைவில் ஹாரன்

கொண்டைக்கு மேல் ஹெல்மெட் ஏறவில்லை.

அழுத்திப் பார்த்தாள். சாய்த்துப் பார்த்தாள். கடைசியில் கொண்டையை அவிழ்த்தாள். கல்யாணமான நாளாக அவள் பொது இடத்தில் தலையை விரித்து நின்றது அன்றைக்குத்தான்.

செட்டிபாளையம் ரேஸ் ட்ராக். ஆசைப்பட்டவர்கள் சொந்த வண்டியைக் கொண்டுவந்து ஓட்டிப் பார்க்கலாம் என்று திறந்துவிடும் ஒரு ஞாயிற்றுக்கிழமை.

பக்கத்தில் அவள் புருஷன், கிரைண்டர் கடை தண்டபாணி. முகம் புளித்த மாவு மாதிரி இருந்தது.

வினையை இழுத்துவிட்டவரும் அவரேதான். லைசென்ஸ் வாங்கி ரெண்டு வருஷமாச்சு, கார் சாவியைக் கொடுங்கள் என்று அவள் கேட்டது அவருக்கு மட்டும் கேட்கிற குரலில். அவர் பதில் சொன்னது தெருவுக்கே கேட்கிற குரலில்.

"ரேஸ் ட்ராக்குல மூணு சுத்து, வண்டி ஆஃப் ஆகாம ஓட்டிட்டு வா அம்மிணி. அப்பறம் சாவிய நீயே வெச்சுக்கோ."

தெரு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. உள்ளே போய் ஃபோனை எடுத்துப் பேர் பதிந்துவிட்டாள்.

அதுவரை அவளுக்கு வாய்த்த ஓட்டமெல்லாம் ஷெட்டிலிருந்து கேட் வரை. வண்டி கழுவ. அதைத் தாண்டினால் பக்கத்து சீட்டில் அவர் இருப்பார்.

"கிளட்ச்! கிளட்ச்ச மிதி! வளைவுல ஹாரன் அடி! இண்டிகேட்டர் எங்க?"

பேக்கரி முன்னால் இருக்கும் வேகத்தடையில் வண்டி ஆஃப் ஆகும். தவறாமல் ஆகும். டீ குடிக்க வந்தவர்கள் அதைப் பார்ப்பதற்காகவே கிளாஸைக் காலி பண்ணாமல் நிற்பார்கள்.

இப்போதும் இடப்பக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார்.

ட்ராக்கில் வண்டிகளைச் சரிபார்க்கும் பெண் குனிந்து பார்த்தாள்.

"டிரைவர் மட்டுந்தாங்ணா. நீங்க எறங்கிக்குங்க. உள்ள ஆடற சாமான் எல்லாத்தையும் எடுத்துருங்க."

இறங்கினார். அவரோடு குடை இறங்கியது. புளிசாதத் தூக்கு இறங்கியது. முதுகுக்கு வைக்கும் தலையணை இறங்கியது. டேஷ்போர்டில் நின்ற மருதமலை முருகனும் இறங்கினார். இரண்டு கையும் நிறைந்துவிட்டதால் முருகனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எப்போதும் வண்டிச் சாவி இருக்கும் பை.

கதவு சாத்திக்கொண்டது.

அவள் இடப்பக்கம் திரும்பிப் பார்த்தாள். காலி சீட்.

இத்தனை அமைதியான வண்டியில் அவள் உட்கார்ந்ததே இல்லை.

கிளட்சை விட்டாள். நகர்ந்தது. அவ்வளவுதான் விஷயம்.

முதல் வளைவு. இண்டிகேட்டர் போட்டாள். ஹாரன் அடித்தாள்.

எதிரே வண்டியே வராத ரோடு அது. அடுத்த வளைவிலும் அடித்தாள்.

கேலரி விழுந்து விழுந்து சிரித்தது. ஹெல்மெட்டுக்குள் அது எட்டவில்லை. கேலரியில் இருந்தவருக்கு எட்டியது.

"யாருங்ணா அது, ரேஸ் ட்ராக்குல இண்டிகேட்டர் போடறது?" பக்கத்தில் ஒரு கூலிங்கிளாஸ் கேட்டது.

"தெரியலீங் தம்பி" என்றார் தண்டபாணி. தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

இரண்டாம் சுற்று. நேர்ப்பாதையில் அவள் நாலாவது கியர் போட்டாள். அந்த வண்டியில் அப்படி ஒரு கியர் இருப்பது தெருவில் யாருக்கும் தெரியாது. தண்டபாணிக்கே சந்தேகம்தான்.

மூன்றாம் சுற்று. முன்னால் ஒரு சிவப்பு வண்டி. வாலில் இறக்கை வைத்தது. சத்தம் பெரிது. வளைவைக் கண்டதும் பயந்து பிரேக் பிடித்தது.

அவள் வலது இண்டிகேட்டர் போட்டாள்.

ஹாரன் அடித்தாள்.

முந்தினாள்.

முந்திய பிறகு, மறக்காமல், இடது இண்டிகேட்டர்.

கேலரி மறுபடி சத்தம் போட்டது. இது வேறு சத்தம்.

தண்டபாணி எழுந்து நின்றிருந்தார். குடை கீழே விழுந்ததை எடுக்கவில்லை.

"எம் பொண்டாட்டிங்" என்றார்.

கூலிங்கிளாஸ் ஒன்றும் கேட்டிருக்கவில்லை.

ஓட்டம் முடிந்தது, உள்ளே வா என்று கட்டம் போட்ட கொடியை ஆட்டினார்கள். அவள் பார்த்தாள். நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் நாலாவது சுற்றுக்குப் போனாள்.

வீடு திரும்பும்போது அவர் பழக்கத்தில் வலப்பக்கக் கதவைத் திறந்தார். அங்கே அவள் இருந்தாள். அவிழ்த்த தலையை அள்ளி முடியாமல், பெல்ட் போட்டுக்கொண்டு.

வண்டியைச் சுற்றிக்கொண்டு இடப்பக்கம் வந்தார்.

பேக்கரி. வேகத்தடை.

டீ கிளாஸ்கள் பாதி வழியில் நின்றன. அவர் வாய் திறந்தது. அவள் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள்.

வாய் மூடிக்கொண்டது.

வண்டி ஏறி, இறங்கி, போய்க்கொண்டே இருந்தது.

வீட்டு வாசலில் நிறுத்தினாள். இன்ஜினை அணைக்கவில்லை.

"நீங்க எறங்கிக்குங்க. நா ஒரு சுத்து போயிட்டு வந்தர்றேன்."

தெருமுனையில் இண்டிகேட்டர் மினுக்கியது. காக்கா குருவி இல்லாத வளைவில் ஹாரன் கேட்டது.

எதிர்வீட்டு மாடியில், காய்ந்த துணியையே மறுபடி காயப்போட்டுக்கொண்டு நின்றவளிடம் அவராகச் சொன்னார்:

"ஹாரன் கேட்டீங்களா? நாஞ் சொல்லிக் குடுத்தது."

தெரு சிரிக்கவில்லை.

பிறகு, வண்டி வீடு வந்தால் வழக்கமாகச் செய்வதுபோல், சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார்.

முருகன் இருந்தார்.

கேட்டை மூடாமல் உள்ளே போனார்.