பங்கு கேட்க வந்தவன்

"அந்த உருமியக் கீழ வை. நியாயமாப் பார்த்தா அது எனக்கு வரவேண்டியது" என்றான் தனேஸ்வரன், கோகிலன் வீட்டு வாசலில் நின்று.

கோகிலன் வைக்கவில்லை. "தர்மா அண்ணன் எனக்குன்னு குடுத்துச்சு லா. நடுவுல நீங்க யாரு?"

கோப்பெங் சாலையில், பழைய ரப்பர் தோட்டம் வரிசை வீடுகளாக மாறிய அந்த இடத்தில், யாரும் தனேஸ்வரனிடம் கேட்டிராத கேள்வி அது. அவனும் தர்மேந்திரனும் ஒன்றாம் வகுப்பிலிருந்து கூட்டாளிகள். ஒருமுறை அந்த உருமிக் குச்சியைக் கேட்காமல் எடுத்ததற்கு, தர்மேந்திரன் இரண்டு வாரம் அவனோடு பேசவில்லை.

"குச்சியத் தொட்டதுக்கே எனக்கு ரெண்டு வாரம். நீ மேளக் குழுவுல சேந்து ஆறு மாசந்தான் ஆகுது, உனக்கு உருமியேவா?"

"பொறாமையாண்ணே?"

"ஆமாடா. வயிறு எரியுது. குடு."

இவ்வளவு நேர்மையாக ஒப்புக்கொள்கிறவனிடம் என்ன வாதாடுவது? கோகிலன் கொடுத்துவிட்டான்.

அடுத்த வீட்டில் புஷ்பலதா அக்கா, தர்மேந்திரனின் மெர்போக் குருவிக்குத் தீனி வைத்துக்கொண்டிருந்தாள்.

"குருவியும் போச்சா?" என்றான் தனேஸ்வரன். "அவன் காய்ச்சல்ல கெடந்தப்போ கடையில கஞ்சி டபாவ் பண்ணிப் பொட்டலமாக் கொண்டுபோனது நானு. எனக்கு ஒரு குண்டூசி கூட இல்ல, ஒங்களுக்குக் குருவியா?"

"தைப்பூசத்துக்குக் கல்லுமலையில தர்மா காவடி எடுக்கப்போவுதாம்பா. விரதம் இருக்குல்ல, அதான் ஆசை எல்லாத்தையும் விடுது. ரெண்டாவது தடவையும் பரீட்சை போனதுலேருந்து மூணு மாசமா ரூம விட்டே வராத புள்ள. இந்த வாரந்தான் சிரிச்ச மொகமா இருக்கு. முருகன் கண்ணத் தொறந்துட்டான்."

"விரதத்துக்குக் கறி மீன விடுவாங்கக்கா. குருவிய யாராச்சும் விடுவாங்களா?"

"ஒனக்குக் கெடைக்கலன்னு சாமியவே கொற சொல்லாத. பொம்பளைக்குக் குடுத்ததப் புடுங்குற மொத ஆம்பள நீதான்" என்று கூண்டை அவன் கையில் திணித்தாள்.

எதிர் வீட்டுப் பையன் ராஜு, தர்மேந்திரனின் காற்பந்துக் காலணியை மாட்டிக்கொண்டு தெருவில் நடை பழகிக்கொண்டிருந்தான். இரண்டு அளவு பெரியது. அதனால் சண்டையில்லாமல் கழன்றது.

தோளில் உருமி, கையில் கூண்டு, கழுத்தில் காலணியோடு தனேஸ்வரன் தெருவில் போனபோது எல்லா வாசலிலும் ஆள் நின்றது. "பசார்ல கடை போடப் போறீங்களாண்ணே?" என்று ஒரு குரல். தெருவே சிரித்தது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

தர்மேந்திரனின் அறை பெருக்கித் துடைத்துப் பளிச்சென்று இருந்தது. துணிகள்கூட மடித்து அடுக்கியிருந்தன. அவன் அந்தப் புதுச் சிரிப்போடுதான் உட்கார்ந்திருந்தான். சாமான்களைப் பார்த்ததும் எழுந்துவிட்டான்.

"ஏன்டா மானத்த வாங்குற? குடுத்தது குடுத்ததுதான்."

"எனக்கு மட்டும் ஏன் ஒண்ணுமில்ல?"

"ஒனக்கு…" சிரிப்பு கொஞ்சம் நழுவியது. "ஒனக்குக் குடுத்தா நீ கேள்வி கேப்ப."

தனேஸ்வரன் கூண்டைப் பழைய ஆணியில் மாட்டினான். உருமியை அதன் மூலையில் வைத்தான். காலணியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினான். தனக்கென்று ஒன்றையும் எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு கதவைச் சாத்தி, அதில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தான்.

"வேலைக்கு மூணு நாள் லீவு சொல்லிட்டேன்."

"எதுக்கு?"

"கேள்வி கேக்க. பதில் சொல்ல நீ எவ்ளோ நேரம் வேணும்னாலும் எடுத்துக்க."

தர்மேந்திரன் குருவியைப் பார்த்தான். சிரிப்பு முழுவதுமாகப் போய்விட்டிருந்தது.

"மச்சான், செத்துரலாம்னு இருந்தியா?"