கோபாலு குழம்பு

கர்சர் கண்ணைச் சிமிட்டிக்கொண்டே இருந்தது.

அவளும் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வலைப்பூவின் வெள்ளைப் பக்கம். 'தலைப்பு' என்று கேட்கும் கட்டம். அதில் ஒன்றுமில்லை.

கடைசியாக எழுதியது ஆவணியில். இதோ, தை பிறந்துவிட்டது.

"சோறாக்கறதுல எழுதறதுக்கு அப்படி என்னதான் இருக்குது?" பேப்பருக்குப் பின்னாலிருந்து வீட்டுக்காரர் கேட்டார்.



இருந்தது. எவ்வளவோ இருந்தது.

மகள் பெங்களூருக்கு வேலைக்குப் போய், தனியாக அறை எடுத்து, ரசம் வைக்கத் தெரியாமல் போனில் அழுத அன்று தொடங்கிய வலைப்பூ அது. பிறகு யார் யாரோ வந்து படித்தார்கள். படிக்கட்டும். எழுதியது ஒருத்திக்குத்தான். ஒவ்வொரு பதிவுக்கும் கீழே முதல் ஆளாக வந்து நிற்பாள் அந்த ஒருத்தி. 'அம்மா, உப்பு எவ்வளவுன்னு சொல்லவே இல்ல.'

போன ஆடியில், ஆடி என்றும் பார்க்காமல், தனக்குப் பிடித்தவனை மகள் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள்.

"இனி அவ பேரை இந்த ஊட்டுல யாரும் எடுக்கக் கூடாது" என்றுவிட்டார் வீட்டுக்காரர்.

யாரும் எடுக்கவில்லை. இங்கிருந்து போன் போகவில்லை. அங்கிருந்தும் வரவில்லை.

அதற்கப்புறமும் இவள் ஒரு பதிவு போட்டாள். பாகற்காய்த் தொக்கு. அருமை, அருமை என்று பத்துப் பேர் எழுதினார்கள். வர வேண்டியவள் வரவில்லை.

அதோடு கை நின்றுவிட்டது.

எழுத வராவிட்டால் என்ன செய்வது என்று இணையத்தையே கேட்டாள். அதற்கென்ன, அள்ளி அள்ளிச் சொன்னது. கொஞ்சம் நடந்துவிட்டு வாருங்கள். உங்கள் வாசகரிடம் கேளுங்கள். மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள்.

நடந்து பார்த்தாயிற்று.

வாசகரிடம் கேட்க வழியில்லை.

மற்றவர்களைப் பார்ப்போமே என்று, 'மோர்க்குழம்பு' என்று தேடினாள்.

முதலில் வந்தது ஒரு வீடியோ. பட்டுப்புடவை, தலை நிறையப் பூ, பளபளவென்று பித்தளைச் சட்டி.

"எங்க குடும்பத்துல நாலு தலைமுறையா வர்ற கோபாலு குழம்பு, மக்களே! கிருஷ்ணருக்கு மோர்னா உயிராச்சே, அதான் இந்தப் பேரு!"

காது கேட்டதை நம்பாமல் இன்னொரு முறை ஓடவிட்டாள்.

கோபாலு குழம்பு. அதேதான்.

அப்படி ஒரு குழம்பு உலகத்திலேயே கிடையாது. அவளுடைய வலைப்பூவில் மட்டும்தான் உண்டு. கோபாலு யாரென்று அதில் அவள் எழுதவில்லை. எழுத முடியாது. அது மூன்றே பேருக்குத் தெரிந்த சங்கதி.

வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. "தாளிக்கறப்ப ரெண்டடி தள்ளி நின்னுக்கோங்க, மக்களே!"

அதுவும் அவள் வரி. மகளின் கண்ணோரம் கடுகு தெறித்த மறுநாள் எழுதிய வரி.



நாலு தலைமுறையாம்! கிருஷ்ணராம்!

குழம்பை எடுத்துக்கொள்ளட்டும். மோர் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. வெண்டைக்காய் ஈரோட்டுச் சந்தையில் கொட்டிக் கிடக்கிறது. பேரை எப்படி எடுக்கலாம்? கூசாமல் எப்படி எடுக்கலாம்?

நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடலாம் என்று வீடியோவுக்குக் கீழே கருத்துகளுக்குப் போனாள்.

'கண் கலங்கிட்டேன் அக்கா.'

'ஹரே கிருஷ்ணா.'

'என்ன ஒரு பாரம்பரியம்!'

பிறகு, யாருடையதோ. படம் இல்லை. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் எண்கள்.

'பொய் சொல்லாதீங்க. கிருஷ்ணருமில்ல, ஒருத்தருமில்ல. கோபாலு எங்கூட்டுப் பல்லிங்க. ஒழுங்கா எங்கம்மா பேரைப் போடுங்க.'



சமையலறை ட்யூப்லைட்டுக்குப் பின்னால் குடியிருந்த பல்லி. பெயர் வைத்தவளுக்கு அப்போது நாலு வயது. கோபாலுக்கு ஒரு வாய், உனக்கு ஒரு வாய் என்று காட்டிக் காட்டி ஊட்டினால்தான் சோறு இறங்கும். மோர்க்குழம்பு பிசைந்து ஊட்டிய ஒரு மதியம், பல்லி 'ச்சு ச்சு' என்றது. "கோபாலுக்குப் புடிச்சிருக்குது!" அன்றிலிருந்து அந்த வீட்டில் மோர்க்குழம்புக்கு வேறு பெயரில்லை.

மறுபடி படித்தாள்.

எங்கூட்டு.

எங்கம்மா.

அவ்வளவு கோபத்திலும் 'ங்க' போட மறக்கவில்லை, பாருங்கள்.

தேதியைப் பார்த்தாள். நேற்று.

வெள்ளைப் பக்கத்துக்குத் திரும்பினாள். 'தலைப்பு' என்ற கட்டத்தில் 'கோபாலு' என்று அடித்தாள். இத்தனை மாதமாக எங்கே கிடந்ததோ, வார்த்தை முண்டியடித்துக்கொண்டு வந்தது. பல்லி வந்தது. பித்தளைச் சட்டிக்காரி வந்தாள், நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். தெறித்த கடுகு வந்தது.

'இந்தப் பெயரை வைத்தவள்' என்று அடித்தாள்.

நிறுத்தினாள்.

விசைப்பலகையின் சத்தம் நின்றதும் பேப்பர் கொஞ்சம் இறங்கியது.

"என்ன எழுதறே?"

"கோபாலப் பத்தி."

"எந்தக் கோபா..."

பாதியில் நின்றது அவர் குரல்.

அவள் திரும்பி அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். கோபம் இன்னும் ஆறவில்லை. இப்போது அது பட்டுப்புடவைக்காரி மேல் இல்லை.

"அதுக்குப் பேரு வெச்சது யாருன்னு எழுதோணும். நீங்க சொல்லுங்க. போட்டுக்கறேன்."

மகளுக்கு மூன்றே எழுத்துப் பெயர்.

விரல்களை எழுத்துகளின் மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். கர்சர் சிமிட்டிக்கொண்டிருந்தது. சிமிட்டட்டும்.

அவர் பேப்பரை மடித்து வைத்தார்.

நிமிர்ந்து, சமையலறை ட்யூப்லைட்டைப் பார்த்தார்.