பெயரில்லாத கட்டுரை

"அம்மா, இங்க பாரேன்..."

"ஒரு நிமிஷம் இருடி," என்றாள் ஆசிரியை, திருத்திக்கொண்டிருந்த கட்டுரைத் தாள்களிலிருந்து தலை நிமிராமல். மகள் உள்ளே போய்விட்டாள்.

"தலைப்பு ஆளைப் பிடிச்சு இழுக்கணும்னு தொண்டை வத்தக் கத்தினேன்," என்று கணவனிடம் அலுத்துக்கொண்டாள். "எல்லாம் 'என் அம்மா', 'என் அம்மா'ன்னே எழுதித் தள்ளியிருக்குங்க."

கடைசித் தாளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "'ஒரு நிமிஷம் இருடி!' இதுதாங்க தலைப்பு!"

பத்துக்குப் பத்து போட்டாள். பெயரைத்தான் காணோம். தாள்களை எண்ணினாள். வகுப்பில் நாற்பது பேர், தாள்கள் நாற்பத்தொன்று.

"நம்ம பொண்ணு காலையில உன் கட்டுக்குள்ள ஏதோ சொருகிட்டிருந்தாளே," என்றான் கணவன்.

பேனாவைக் கீழே வைத்தாள்.

"கண்ணு, இங்க வாம்மா."

உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஒரு நிமிஷம் இரும்மா!"