ஏழு வட்டங்கள்

ஏழு வட்டங்கள்தான் வந்தன. பத்து வந்திருக்க வேண்டும்.

"அக்கா, பத்து விரலையும் வெச்சீங்களா?"

"வெச்சுத்தான் இருக்கறேன் கண்ணு," என்றார் மாசாணியம்மாள் அக்கா, பிரஸ்ஸுக்கு அந்தப் பக்கமிருந்து.

நான் பிரஸ்ஸுக்குப் பின்னால், கண்ட்ரோல் பெட்டியைத் திறந்து வைத்து, மடியில் லேப்டாப்போடு தரையில் உட்கார்ந்திருந்தேன். முன்பக்கத் தொடுதிரையில் ஒரு விரல் பட்டால் என் லேப்டாப்பில் ஒரு வட்டம் விழும். அவ்வளவுதான் சோதனை.

ஞாயிற்றுக்கிழமை. பெருந்துறைத் தொழிற்பேட்டையில் பாதி ஷெட்டுகள் பூட்டிக் கிடந்தன. சர்ச்சுக்குக்கூடப் போகாமல் கோயமுத்தூரிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. நானேதான் முதலாளிக்குப் போன் போட்டேன்.

காரணம் ஒரே ஒரு வரி.

போன வருஷம் இந்த பிரஸ்ஸை ஓட்டும் கம்ப்யூட்டருக்கு லினக்ஸ்தான் போடுவேன் என்று அடம்பிடித்தவள் நான். இரும்புத் தகட்டை அழுத்திப் பம்ப்செட் மூடி அடிக்கிற மெஷின். திரையில் இரண்டு பச்சைக் கட்டங்கள். இரண்டிலும் இரண்டு கையை வைத்தால்தான் பிரஸ் இறங்க வேண்டும். இரண்டு கையும் திரையில் இருந்தால் அச்சுக்குள் கை இருக்க முடியாது. அதுதான் பாதுகாப்பு.

ஆனால் அந்தத் திரையை இயக்கும் டிரைவர் புரோகிராம் லினக்ஸில் சரியாக இல்லை. ஒரு தொடுதலைத்தான் எடுத்தது. இரண்டாவது கையைக் கண்டுகொள்ளவே இல்லை. நான்கு நாள் முட்டி மோதினேன்.

"நாளைக்கு லோடு போகோணும் அம்மணி, எப்படியாவது ஓட்டி உடுங்க," என்றார் முதலாளி.

ஓட்டி விட்டேன். ஒரு கை பட்டாலே இரண்டும் பட்டதாக எடுத்துக்கொள் என்று புரோகிராமில் ஒரு வரி எழுதினேன். அதன் மேல் தமிழிலேயே ஒரு குறிப்பு: 'தற்காலிகம். பிறகு சரி செய்யணும். கெசியா.' லினக்ஸில் தமிழ் எவ்வளவு அழகாக வருகிறது பார் என்ற திமிர் வேறு.

அந்தப் 'பிறகு' வருவதற்குப் பதினான்கு மாதம் ஆனது.

அதுவரை அந்த வரி என்னை நிம்மதியாக இருக்க விடவில்லை. சோறு பிசையும்போது என் விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஏதாவது ஆகியிருந்தால் சொல்லியிருக்க மாட்டார்களா என்று என்னை நானே தேற்றிக்கொள்வேன். கேட்டுத் தெரிந்துகொள்ள மட்டும் தைரியம் வந்ததில்லை. போன வாரம் லினக்ஸின் புதுப் பதிப்பில் இந்தத் திரைக்கு டிரைவர் வந்திருப்பதைப் பார்த்ததும் ஓடி வந்துவிட்டேன்.

காலையில் ஷெட்டைத் திறந்துவிட்டது அக்காதான். போன வருஷம் பிரஸ்ஸில் நின்று வேலை செய்தவரும் இவர்தான். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, இரண்டு கையிலும் கையுறை, அதே சிரிப்பு. பார்த்ததும் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம், ஒன்றும் ஆகவில்லை.

புதுப் பதிப்பை ஏற்றினேன். கிளவுஸைக் கழட்டிட்டு வைங்கக்கா என்றேன். ஏழு.

டிரைவரை எடுத்துவிட்டு மறுபடி போட்டேன். ஏழு.

இடப்பக்கம் ஐந்து வட்டங்கள் ஒழுங்காக வந்தன. வலப்பக்கம் இரண்டுதான், அதுவும் ஒன்றுக்கொன்று எட்டத்தில். நடுவில் காலியாக இருந்தது. அப்படியென்றால் திரையின் வலது பாதி போய்விட்டது. சனியன் பிடித்த திரை என்று வாய்விட்டே திட்டினேன்.

பல்பு எரியாவிட்டால் வேறு ஹோல்டரில் மாட்டிப் பார்ப்போம் இல்லையா, எங்கள் தொழிலிலும் அதே வழக்கம்தான்.

"அக்கா, கையைக் குறுக்க மாத்தி வைங்க. அந்தக் கை இந்தப் பக்கம், இந்தக் கை அந்தப் பக்கம்."

"இதென்ன கூத்து கண்ணு," என்று சிரித்துக்கொண்டே வைத்தார்.

வலப்பக்கம் ஐந்து. இடப்பக்கம் இரண்டு.

திரையில் ஒரு கோளாறும் இல்லை. அந்தக் காலியிடம் கையோடு கூடவே இடம் மாறியிருந்தது.

எழுந்து பிரஸ்ஸைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனேன்.

கழற்றிய கையுறைகள் மேசைமேல் கிடந்தன. வலது கையுறையில் மூன்று விரல்கள் மட்டும் விறைத்து நின்றன. உள்ளே பனியன் வேஸ்ட் துணி அடைத்திருந்தது.

"தொளதொளன்னு தொங்குதுன்னு நாந்தான் அடைச்சுக்கிட்டேன்," என்றார் அக்கா, நான் பார்ப்பதைப் பார்த்து. "தை மாசந்தான் இப்படி ஆச்சு. மிஷின் மேல தப்பில்ல கண்ணு. நாந்தான் பராக்குப் பாத்துப்போட்டேன்னு முதலாளிகிட்ட எழுதிக் குடுத்துட்டேன்."

மிஷின் மேல் தப்பில்லை என்பது சரிதான். யார் மேல் என்று இந்த ஷெட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

லேப்டாப்பில் அந்த வரி திறந்தே கிடந்தது. அதை அழிக்கத்தான் வந்திருந்தேன். அழித்துவிட்டால் மெஷின் சரியாகிவிடும். யாருக்கும் ஒன்றும் தெரியாமலும் போய்விடும். அழித்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது, பொய் சொல்ல மாட்டேன்.

லேப்டாப்பை எடுத்து வந்து அக்காவின் பக்கம் திருப்பி வைத்தேன்.

அக்கா எழுத்துக்கூட்டிப் படித்தார். "தற்... காலிகம். பிறகு... சரி..." கடைசிச் சொல்லின் மேல் வலது கைச் சுண்டுவிரலை வைத்தார். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"அட, மிஷினுக்குள்ள உன்ற பேரு!"

"உக்காருங்கக்கா," என்றேன். "சொல்றேன்."